பிபி பேஷண்ட்ஸோட க்வாலிட்டி ஆஃப் லைஃப் அளக்க எந்தக் கேள்வித்தாள் எடுக்கலாம்? பைலட்லயே குழப்பம்

நெல்லை_நர்சிங்_பிஜி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எம்எஸ்சி நர்சிங், கம்யூனிட்டி ஹெல்த், ரெண்டாவது வருஷம் படிக்கிறேன். தீசிஸ் டாபிக் பிபி இருக்கிறவங்களோட க்வாலிட்டி ஆஃப் லைஃப். தென்காசி பக்கம் பீடி சுத்துற பெண்கள் நிறைய இருக்கிற கிராமங்கள்ல பண்றேன், எல்லாருமே 30 வயசுக்கு மேல, பிபி இருக்குன்னு தெரிஞ்சு குறைஞ்சது ஆறு மாசமாவது மாத்திரை எடுக்கிறவங்க. கைடு மேடம் டபிள்யூஹெச்ஓவோட 26 கேள்வி ஃபார்ம், அந்த ஹூகோல் ப்ரெஃப், அதையே எடுத்துக்கோன்னு சொல்றாங்க. சீனியர் அக்கா எஸ்எஃப்-36ன்னு 36 கேள்வி இருக்கிற இன்னொரு பொதுவான ஃபார்ம் எடுத்தாங்க. நெட்ல தேடினா பிபிக்குன்னே தனியா ஒண்ணு ஸ்பெயின்ல பண்ணிருக்காங்கன்னு வருது, மினிசால்னு பேரு.

பைலட், அதாவது முன்னோட்டமா சில பேர்கிட்ட கேட்டுப் பார்த்தப்போ தான் குழப்பமே வந்துச்சு. ஒரு அம்மாவுக்கு மேல் பிரஷர் 170, ஆனா எதைக் கேட்டாலும் நல்லா இருக்கேன்மா நல்லா இருக்கேன்மான்னே சொல்றாங்க. பக்கத்து வீட்டு அக்காவுக்கு மாத்திரையில 128/80, அருமையா கன்ட்ரோல்ல இருக்கு, ஆனா தூக்கம் இல்ல, காலு வீங்குது, எப்ப வாதம் வந்து விழுவோம்னு பயமா இருக்கு, ஒரு வேலையிலயும் பிடிப்பு இல்லன்னு கண்ணு கலங்கிட்டாங்க. ஸ்கோர் போட்டா பிபி ஏறிக் கிடக்கிறவங்க சந்தோஷமா வாழ்ற மாதிரியும் கன்ட்ரோல்ல இருக்கிறவங்க கஷ்டப்படுற மாதிரியும் வருது. அப்ப நான் அளக்கிறது பிபியையா, மாத்திரையையா, இல்ல அவங்க வாழ்க்கையில இருக்கிற மத்த கஷ்டத்தையா?

இன்னொண்ணு அந்த 21வது கேள்வி, தாம்பத்தியம் திருப்தியா இருக்கான்னு கேட்கிறது. மாமியார் பக்கத்துல உக்காந்திருக்கும்போது எப்படிங்க கேட்கிறது? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க ப்ளீஸ், எதிக்ஸ் கமிட்டிக்கு ஃபைனல் டூல் இந்த மாசமே குடுக்கணும்.

---

சமுதாய_மருத்துவம் எழுதியது:

சிஸ்டர், நீங்க குழப்பம்னு சொல்றது தான் இந்த சப்ஜெக்டோட மையம், அதை ஒதுக்கிட்டு டூல் மட்டும் தேர்ந்தெடுத்தீங்கன்னா தீசிஸ் முடியும் ஆனா ஒண்ணும் தெரிய வராது.

பிபிங்கறது பெரும்பாலும் அறிகுறியே இல்லாத நோய். 170ல இருக்கிற அந்த அம்மா பொய் சொல்லல, அவங்களுக்கு நிஜமாவே ஒண்ணும் தெரியல. உடம்புக்குத் தெரியாத நோய்க்கு நாம தினமும் மாத்திரை குடுக்கிறோம், அந்த மாத்திரை தான் உடம்புக்குத் தெரியுது. அதனால க்வாலிட்டி ஆஃப் லைஃப் பத்தின பேச்சே பிபியில மருந்தோட பக்கத்துல இருந்து தான் கிளம்புச்சு. 1982ல இங்கிலாந்துல ஜாச்சக்னு ஒரு டாக்டரும் கூட இருந்தவங்களும் 75 பேஷண்ட்ஸ வச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க, ரொம்ப எளிமையானது, ஆனா என் ஸ்டூடண்ட்ஸ் எல்லாருக்கும் முதல் நாளே அதைத் தான் சொல்லுவேன். மருந்து ஆரம்பிச்ச பிறகு இவர் வாழ்க்கை எப்படி இருக்குன்னு மூணு பேர்கிட்ட தனித்தனியா கேட்டாங்க. டாக்டர்கள் எல்லாருமே பேஷண்ட் நல்லா ஆகிட்டார்னு சொன்னாங்க. பேஷண்ட்ஸ்ல கிட்டத்தட்ட பாதிப் பேரு தான் நல்லா இருக்கேன்னு சொன்னாங்க. வீட்டுல இருக்கிறவங்க கிட்டத்தட்ட எல்லாருமே முன்னைக்கு மோசம்னு சொன்னாங்க, எரிச்சல் படறார், மறதி, சோர்ந்து போய் இருக்கார், தாம்பத்தியத்துல நாட்டம் இல்லன்னு. ஒரே ஆளு, மூணு பதில். அப்ப இருந்த மருந்துகள் வேற, இன்னைக்கு நம்ம பிஹெச்சியில, ஆரம்ப சுகாதார நிலையத்துல, குடுக்கிறது வேற, ஆனா யாரைக் கேட்கிறோம்ங்கறதைப் பொறுத்து விடை மாறும்ங்கற விஷயம் இன்னைக்கும் மாறல.

1986ல அமெரிக்காவுல க்ரூக் குழு 626 ஆண்களை மூணா பிரிச்சு கேப்டோப்ரில், மெத்தில்டோபா, ப்ரோப்ரனலால்னு மூணு வேற வேற பிபி மருந்து குடுத்து 24 வாரம் பார்த்தாங்க. பிபி மூணுலயும் ஒரே அளவுக்குத் தான் குறைஞ்சுது, ஆனா கேப்டோப்ரில் எடுத்தவங்க மெத்தில்டோபா எடுத்தவங்களை விட மனசு, வேலை, பொதுவான நலம்னு பல விதத்துல நல்லா இருந்தாங்க. மெஷின்ல வர்ற நம்பர் ஒண்ணா இருந்தாலும் வாழ்க்கை ஒண்ணா இல்லன்னு பெரிய அளவுல காட்டினது அது தான்.

அந்தப் பக்கத்து வீட்டு அக்காவோட பயத்துக்கும் ஒரு பழைய ஆய்வு இருக்கு. 1978ல கனடாவுல ஸ்டீல் ஆலைத் தொழிலாளிகளுக்கு பிபி பார்த்து, இருக்குன்னு சொன்ன பிறகு அவங்க உடம்பு சரியில்லைன்னு வேலைக்கு லீவு போடுறது 80% வரைக்கும் கூடிப் போச்சு, மருந்து ஆரம்பிச்சாலும் ஆரம்பிக்காட்டியும். நோய் நேத்தும் இருந்துச்சு இன்னைக்கும் இருக்கு, மாறினது உனக்கு நோய் இருக்குன்னு சொன்னது மட்டும் தான். நாம ஊர் ஊரா போய் ஸ்க்ரீனிங் பண்றோம், பண்ணத் தான் வேணும், அதுல எனக்கு சந்தேகமே கிடையாது, ஆனா சொல்ற விதத்துல ஒரு மனுஷனை நோயாளியா ஆக்கி அனுப்பறோம்ங்கறதை ஞாபகம் வச்சுக்கணும்.

மறுபக்கமும் சொல்லணும், இல்லன்னா மருந்தே கெடுதல்னு யாராவது எடுத்துக்குவாங்க. ஸ்ப்ரிண்ட்னு ஒரு பெரிய ஆய்வுல 9,361 பேர்ல ஒரு பாதிக்கு மேல் பிரஷரை 120க்குக் கீழயும் மறு பாதிக்கு 140க்குக் கீழயும் கொண்டு வந்தாங்க. 120 குரூப்புக்கு சராசரியா ஒரு மாத்திரை கூடுதல், ஆனா உடல்நலம், மனநலம், மனச்சோர்வு ஸ்கோர் ரெண்டு பக்கமும் ஒண்ணு தான்னு 2017ல வெளியிட்டாங்க. பொருத்தமான மருந்தா குடுத்து கவனிச்சுப் பார்த்தா மாத்திரை கூடறதுனால மட்டும் வாழ்க்கை கெடாது.

டூல் பத்தி. பொதுவான கேள்வித்தாள் ஒண்ணு, கூடவே பக்கவிளைவு கேட்க நீங்களே எழுதின எளிய லிஸ்ட் ஒண்ணு, இது போதும். ஹூகோல் ப்ரெஃப் நல்ல தேர்வு, அதை உருவாக்கின 15 மையங்கள்ல அன்னைக்கு மெட்ராஸும் ஒண்ணு, தமிழ் ஃபார்மும் இருக்கு, டபிள்யூஹெச்ஓகிட்ட அனுமதி கேட்டு வாங்கிக்கோங்க. எஸ்எஃப்-36க்கு லைசன்ஸ் வேணும். மினிசால்ல 16 கேள்வி, மனநிலைக்கு 10, உடம்பு அறிகுறிக்கு 6, கடைசி ஏழு நாளைப் பத்திக் கேட்கும். நல்ல டூல் தான், ஆனா தமிழுக்குக் கொண்டு வரணும்னா மொழிபெயர்ப்பு, திரும்ப மூலமொழிக்கு மாத்திப் பார்க்கிறது, சரியா அளக்குதான்னு சோதிக்கிற வேலிடேஷன்னு அதுவே தனி தீசிஸ் ஆகிடும்.

---

ரிட்டயர்டு_டிரைவர் எழுதியது:

அம்மா நான் படிச்ச ஆளு இல்ல, பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவன், பிரஷர் ரொம்ப வருஷமா இருக்கு. நீங்க கேள்வி தயார் பண்றதுனால சொல்றேன், டாக்டர் ரூம்ல யாரும் கேட்காத கேள்வி சிலது இருக்கு.

எனக்கு முதல்ல நீர் மாத்திரை சேர்த்துக் குடுத்தாங்க. காலையில போட்டா ரெண்டு மணி நேரத்துக்குள்ள மூணு தடவை போகணும். லாங் ரூட்ல அம்பது பேசஞ்சர வச்சுக்கிட்டு நடு ரோட்டுல எங்க நிறுத்தறது. டிப்போவுல பாதிப் பேரு டூட்டி நாள்ல மாத்திரையே போட மாட்டாங்க, ரெஸ்ட் நாள்ல தான் போடுவாங்க, செக்கப்புக்குப் போனா டெய்லி போடறேன்னு சொல்லுவாங்க. ஏன்னா உண்மையைச் சொன்னா திட்டு விழும், அன்ஃபிட் போட்டுருவாங்களோன்னு பயம் வேற, வண்டியை விட்டு எறக்கிட்டா குடும்பம் என்ன ஆகும். இதெல்லாம் எந்த பேப்பர்லயும் வராது. ஒரு டாக்டரம்மா தான் முதல் முதலா உங்க டூட்டி எத்தனை மணிக்குன்னு கேட்டாங்க, கேட்டுட்டு மாத்திரையை மாத்திக் குடுத்தாங்க, அதுக்கு அப்புறம் டெய்லி போட முடிஞ்சுது. டூட்டி டைம் கேட்டது ஒரு கேள்வி தான், ஆனா எனக்கு அது தான் வைத்தியம்.

சாப்பாடும் கேளுங்க. உப்பைக் குறைச்சதுல இருந்து வீட்டுல எனக்குத் தனிக் குழம்பு. விசேஷ வீட்டுக்குப் போனா பந்தியில உக்காந்து அப்பளம் ஊறுகாயை ஒதுக்கி வச்சா பக்கத்துல இருக்கிறவன் என்னாச்சுன்னு கேட்பான், ஊருக்கே சொல்லணும். அதனாலயே சில பேர் விசேஷத்துக்குப் போறதே இல்ல. அது வாழ்க்கைத்தரம் இல்லாம வேற என்னம்மா. என் வீட்டுக்காரம்மாகிட்ட கேட்டீங்கன்னா இன்னும் சொல்லுவாங்க, நான் ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கேன்னு அவங்களுக்குத் தான் கணக்கு தெரியும். மேல டாக்டர் சொன்னது சரி, வீட்டு ஆளுங்களைக் கேளுங்க.

---

மாத்திரைப்பை_அக்கா எழுதியது:

சிஸ்டர் நான் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வாலண்டியர், வீடு வீடா போய் பிபி சுகர் பார்த்து மாத்திரை குடுக்கிறது தான் வேலை. 2021ல திட்டம் வந்ததுக்கு அப்புறம் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய் லைன்ல நிக்கிற ஒரு நாள் கூலி மிச்சம் ஆச்சுன்னு எத்தனையோ பேர் சொல்லிருக்காங்க. பீடிக்காரங்களுக்கு எண்ணிக்கைக்குத் தானே காசு, ஒரு நாள் போச்சுன்னா போச்சு. உங்க ஃபார்ம்ல அதைக் கேட்கிற இடம் இருக்கான்னு பாருங்க.

பீடி சுத்துறவங்களை எந்த நேரத்துல கேட்கிறீங்கங்கறது முக்கியம். கடையில பீடி குடுக்கப் போற நேரத்துக்கு முன்னாடி போனீங்கன்னா எல்லாத்துக்கும் நல்லா இருக்கேன் தான் பதில், உங்களைச் சீக்கிரம் அனுப்பணும் அவங்களுக்கு. குடுத்துட்டு வந்து மடியில தட்டு இல்லாம உக்காந்திருக்கும்போது போங்க. கூட ஆள் இருந்தா முதல் நாள் பேசாம பிபி மட்டும் பார்த்துட்டு நாளைக்கு வர்றேன்னு சொல்லிட்டு வந்துருங்க. வெள்ளைக் கோட்டு வேணாம். மாத்திரை குடுக்கிற நானே கேட்டா ஒழுங்கா போடறேன் அக்கான்னு தான் சொல்லுவாங்க, டப்பாவைப் பார்த்தா அப்படியே இருக்கும். அதனால என்னை மாதிரி ஆளை வச்சுக் கேட்காதீங்க, நீங்க தனியாவே கேளுங்க, நான் வீட்டைக் காட்டிட்டு நகர்ந்துடறது தான் நல்லது.

கால் வீக்கம் அம்லோடிபின் போடறவங்ககிட்ட சகஜம், ஆனா அதை அவங்க மாத்திரையோட சேர்த்து நினைக்கிறதே இல்ல, உக்காந்தே இருக்கிறதுனால வீங்குதுன்னு நினைப்பாங்க. சில பேருக்கு எனலாப்ரில்ல வறட்டு இருமல், அதைப் புகையிலைத் தூசின்னு நினைச்சு மெடிக்கல்ல சிரப் வாங்கிக் குடிச்சுக்கிட்டே இருப்பாங்க. மாத்திரையால என்ன பண்ணுதுன்னு கேட்டா ஒண்ணும் இல்லன்னு சொல்லுவாங்க. காலு வீங்குதா, இருமல் இருக்கா, எழுந்திருக்கும்போது கிறுகிறுன்னு வருதான்னு ஒண்ணொண்ணா கேளுங்க, அப்ப தான் வரும்.

21வது கேள்வி பத்தி. நாப்பது வயசுக்கு மேல உள்ளவங்க நீங்க நினைக்கிற அளவுக்குக் கூச்சப்பட மாட்டாங்க, தனியா இருந்தா சொல்லுவாங்க. உங்களுக்குக் கல்யாணம் ஆகலைன்னா தான் அவங்க தயங்குவாங்க, சின்னப் பொண்ணுகிட்ட என்னத்தச் சொல்றதுன்னு. கேள்வியைப் படிக்காம கார்டுல அஞ்சு முகம் வரைஞ்சு காட்டி விரல் வைக்கச் சொல்லிப் பாருங்க. வீட்டுக்காரர் இல்லாதவங்ககிட்டயும் குடும்பத்துல சண்டைன்னு பிரிஞ்சு இருக்கிறவங்ககிட்டயும் தயவுசெஞ்சு கேட்காம விட்டுருங்க.

---

நெல்லை_நர்சிங்_பிஜி எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ஐயா நீங்க சொன்ன டூட்டி டைமும் விசேஷ வீட்டுச் சாப்பாடும் என் லிஸ்ட்ல சேர்த்தாச்சு. அக்கா சொன்ன மாதிரி சிலரை விட்டுட்டா 21வது கேள்வி காலியா இருக்குமே, ஸ்கோர் போட முடியுமா? அப்புறம் 4வது கேள்வி, தினசரி வாழ்க்கை நடத்த உங்களுக்கு எந்த அளவு மருத்துவ சிகிச்சை தேவைப்படுதுன்னு. எல்லாருமே மாத்திரை இல்லன்னா முடியாதுல்லன்னு ரொம்ப அதிகம்ங்கறதையே காட்டுறாங்க. அது ஸ்கோரைக் குறைக்குதே?

---

எண்ணும்_எழுத்தும் எழுதியது:

புள்ளியியல் ஆளு நான், மெடிக்கல் காலேஜ் தீசிஸ் நிறைய பார்க்கிறேன். 21 காலியா இருந்தா பரவாயில்ல. சமூக உறவு பிரிவுல 20, 21, 22னு மூணே கேள்வி, அதுல ஒண்ணு காலின்னா மத்த ரெண்டோட சராசரியைப் போட்டுக் கணக்கு பண்ணலாம், ரெண்டு காலின்னா அந்தப் பிரிவு ஸ்கோரையே விட்டுடணும். மொத்தத்துல 20%க்கு மேல காலியா இருந்தா அந்த ஃபார்மே தள்ளுபடி. ஆனா எத்தனை பேர் 21ஐ விட்டாங்கன்னு கண்டிப்பா ரிப்போர்ட்ல எழுதுங்க, அதுவும் ஒரு தகவல்.

4வது கேள்வி பத்தி நீங்க கவனிச்சது ரொம்ப சரி, எனக்கு இதைப் படிச்சப்போ சந்தோஷமா இருந்துச்சு, நிறைய பேர் கவனிக்கிறதே இல்ல. 3, 4, 26 மூணும் தலைகீழா ஸ்கோர் போட வேண்டிய கேள்விகள். ஒழுங்கா மாத்திரை போடுற ஆளு, மாத்திரை முக்கியம்னு புரிஞ்ச ஆளு, 4ல ரொம்ப அதிகம்னு சொல்லுவார், உடனே அவரோட உடல்நலப் பிரிவு குறையும். மாத்திரையைத் தூக்கிப் போட்டவர் தேவையே இல்லன்னு சொல்லுவார், அவருக்கு ஸ்கோர் கூடும். உங்க 170 அம்மாவும் 128 அக்காவும் தலைகீழா வந்ததுக்கு இது ஒரு காரணமா இருக்கலாம். கேள்வியை மாத்தவோ நீக்கவோ உங்களுக்கு அனுமதி கிடையாது, அதனால முழு ஸ்கோரை அப்படியே குடுங்க, கூடவே 4 இல்லாம உடல்நலப் பிரிவைத் தனியா கணக்கு பண்ணி முடிவு மாறுதான்னு ஒரு டேபிள் காட்டுங்க.

இந்த டூல்ல நாலு பிரிவு தனித்தனி, எல்லாத்தையும் கூட்டி மொத்த ஸ்கோர்னு ஒண்ணு போடக் கூடாது. அதை விட முக்கியம், நல்லது நடுத்தரம் மோசம்னு மூணா வெட்டி, வயசு மதம் படிப்பு வருமானம் ஒவ்வொண்ணோடயும் தொடர்பு இருக்கான்னு கை-ஸ்கொயர் டெஸ்ட் போட்டு பத்துப் பக்கம் டேபிள் குடுக்கிற பழக்கம் நர்சிங் தீசிஸ்ல இருக்கே, தயவுசெஞ்சு அதுக்குள்ள போகாதீங்க. இந்த ஸ்கேலுக்கு அப்படி வெட்டுற அளவுன்னு டபிள்யூஹெச்ஓ எதுவும் குடுக்கல. ஸ்கோரை ஸ்கோராவே வச்சு ரிக்ரெஷன் போடுங்க, அதாவது பல காரணங்களை ஒண்ணா வச்சு எது எவ்வளவு பாதிக்குதுன்னு பார்க்கிற கணக்கு, வயசு, சுகர், மூட்டுவலி, பீடி சுத்துற நேரம் எல்லாம் உள்ள வரட்டும்.

இன்னொண்ணும் கேட்கணும், ஒப்பிட யாரும் இல்லையா? நாள் பூரா குனிஞ்சு உக்காந்து இருக்கிறவங்களுக்கு இடுப்பு கழுத்து வலி பிபி இல்லாமலே இருக்கும். அதே தெரு, அதே வேலை, அதே வயசு, பிபி இல்லாத பெண்கள்கிட்டயும் இதே ஃபார்மைக் கேட்டீங்கன்னா தான் வேலையால வந்த கஷ்டம் எவ்வளவு, பிபியாலயும் மாத்திரையாலயும் வந்தது எவ்வளவுன்னு பிரிக்க முடியும். உங்க முதல் கேள்விக்கு விடை இந்த ஒப்பீட்டுல தான் இருக்கு.

ஈக்யூ-5டின்னு இன்னொரு பொதுவான கேள்வித்தாள் இருக்கு, அதைப் பத்தி யாரும் சொல்லல. அஞ்சே கேள்வி, தமிழ்ல இருக்கு, 2022ல சண்டிகர் பிஜிஐ மருத்துவ நிறுவனக் குழு இந்திய மக்களோட மதிப்பீட்டை வச்சு மார்க் போடும் முறையும் வெளியிட்டாங்க. ஆனா பிபி மட்டும் இருக்கிறவங்கள்ல நிறைய பேர் அஞ்சுக்கும் பிரச்சினை இல்லன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க, வித்தியாசமே தெரியாது. சிகிச்சைக்கு ஆகுற செலவு கணக்கு பண்ற ஆய்வுன்னா எடுக்கலாம், உங்களுக்கு வேணாம்.

---

சமுதாய_மருத்துவம் எழுதியது:

ரிக்ரெஷன் விஷயம் முழுசா ஒத்துக்கிறேன். ஒண்ணு விட்டுப் போச்சு சிஸ்டர், முதல்ல கேள்வித்தாள், அப்புறம் தான் பிபி. உங்களுக்கு 170 இருக்குன்னு சொல்லிட்டு தூக்கம் எப்படி இருக்கு, மனசு எப்படி இருக்குன்னு கேட்டா பதில்ல அந்த 170 வந்து உக்காந்துக்கும். அவங்க உக்காந்து பதில் சொல்லி முடிக்கிற நேரத்துல அஞ்சு நிமிஷ ஓய்வும் கிடைச்சுடும், ஆனா பேசி முடிச்ச உடனே கட்டாதீங்க, கொஞ்சம் அமைதியா இருக்க விட்டு, முதுகு சாய்ஞ்சு கால் தரையில ஊன்றி இருக்கச் சொல்லி, ரெண்டு தடவை பாருங்க. கை பருமனா இருக்கிறவங்களுக்குப் பெரிய கஃப், அந்தக் கையில கட்டுற பட்டை, எடுத்துட்டுப் போங்க, சின்ன கஃப்ல பொய்யா கூடிக் காட்டும்.

---

நெல்லை_நர்சிங்_பிஜி எழுதியது:

சார் நான் பைலட்ல பிபி பார்த்துட்டுத் தான் கேட்டேன், ப்ரொசீஜர்ல அப்படித் தான் வரிசை போட்டுக் குடுத்திருந்தாங்க, மேடம்கிட்ட பேசி மாத்திடறேன். பிபி இல்லாத குரூப்பும் சேர்க்கலாம்னு கேட்கப் போறேன், வேலை ரெட்டிப்பா ஆகும் ஆனா பண்ணனும்னு தோணுது. வீட்டுல ஒருத்தர்கிட்டயும் ரெண்டு மூணு கேள்வி தனியா கேட்கலாம்னு இருக்கேன், அதுக்கு அவங்ககிட்டயும் சம்மதம் எழுதி வாங்கணுமா? அப்புறம் 26வது கேள்வியில சோர்வு, பதட்டம் எல்லாம் எப்பவுமேன்னு யாராவது சொன்னா, இல்ல பிபி ரொம்ப ஏறி இருந்தா, நான் என்ன பண்ணனும்?

---

சமுதாய_மருத்துவம் எழுதியது:

ஆமா, வீட்டு ஆளுக்குத் தனிச் சம்மதப் படிவம் வேணும், பேஷண்டும் என்னைப் பத்திக் கேட்டுக்கோங்கன்னு சம்மதிக்கணும். யார் என்ன சொன்னாங்கன்னு இன்னொருத்தர்கிட்ட போகவே கூடாது, இதை ப்ரோட்டோகால்ல எழுதிடுங்க.

எப்பவுமேன்னு சொல்றவங்களை எழுதிட்டு மட்டும் வந்துடாதீங்க. அன்னைக்கே பிஹெச்சி டாக்டருக்குத் தகவல் சொல்லுங்க, டெலிமானஸ் மனநல உதவி லைன் 14416 நம்பரைச் சீட்டுல எழுதிக் குடுங்க, வாழப் பிடிக்கலைன்னு சொன்னா ஆளைத் தனியா விட்டுட்டு நகராதீங்க. பிபி 180/120 தாண்டி, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கை கால் பலவீனம், பார்வை மங்கல் இதுல ஏதாவது இருந்தா ஃபார்மை மூடி வச்சுட்டு 108க்குப் போன் பண்ணுங்க. நம்பர் மட்டும் ஏறி வேற ஒண்ணும் இல்லன்னா பதட்டப்படுத்தாம கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி பாருங்க, மாத்திரை விட்டுப் போச்சான்னு கேளுங்க, அப்படியே இருந்தா அன்னைக்கே டாக்டர்கிட்ட அனுப்புங்க. இந்த ரெண்டு பாராவையும் அப்படியே எதிக்ஸ் அப்ளிகேஷன்ல போடலாம், கமிட்டியில முதல்ல கேட்கிறதே இதைத் தான்.